பிராக்கில்ஸ்பி விபத்து: ஒரு பற்று வரவு

விமானம் 2. ஆட்கள் 4. பாராசூட்டில் குதித்தவர்கள் 3. காயம்பட்டவர் 1. இறந்தவர் யாருமில்லை.

1940 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிராக்கில்ஸ்பி என்ற சிற்றூரின் மேலே இரண்டு ஆன்சன் பயிற்சி விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்டன. அந்த விபத்தின் மனிதக் கணக்கு மேலே உள்ள ஐந்து இனங்கள்தான். போர்க்கால விபத்தொன்றை ஆராயப் புகுகிறவர்கள் வழக்கமாகப் பெயர்களில் தொடங்குவார்கள். நான் எண்களில் தொடங்கச் சொல்வேன். பெயர் பேட்டிக்குப் பேட்டி எழுத்து மாறும்; என் 4876, எல் 9162 என்ற விமான எண்கள் மாறுவதில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற தாள்கள் பின்னாலேயே வரும்.

இரண்டும் வாகா வாகாவை அடுத்த ஃபாரஸ்ட் ஹில் தளத்திலிருந்த 2ஆம் எண் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்தவை. நெடுந்தூரப் பறப்புப் பயிற்சிக்காகக் கிளம்பியவை. என் 4876இல் விமானி லெனார்ட் ஃபுல்லர், வயது 22. எல் 9162இல் ஜாக் ஹ்யூசன், வயது 19. ஆளுக்கொரு வழிகாட்டி, இருவருக்கும் 27. விமானத்தை ஓட்டியவர்கள் வழிகாட்டிகளைவிட இளையவர்கள் என்பதையும் ஏட்டில் குறித்துக்கொள்ளலாம்.

உயரம் சுமார் 1,000 அடி. சாய்ந்து திரும்பும்போது கீழே போன விமானம் ஃபுல்லரின் பார்வையிலிருந்து மறைந்தது. அடுத்த கணம் அதன் மேலேயே இவர் விமானம் உட்கார்ந்துவிட்டது. கீழ் விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு மேல் விமானத்தின் இடது இறக்கை அடியில் செருகிக்கொள்ள, வால்பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று தாங்கிக்கொண்டன. மேல் விமானத்தின் 2 இயந்திரங்களும் அத்தோடு நின்றன. கீழ் விமானத்தின் 2 இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். ஆன்சனின் முழுப் பாரம் ஏறத்தாழ 3,600 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 7 டன்னுக்கு மேல். ஓர் இயந்திரத்தின் திறன் 350 குதிரைத்திறன். நான்கில் ஓடியவை இரண்டே, ஆக 700. ஒரு விமானத்துக்கென்று அளந்த இழுவையில் இரண்டு விமானங்கள். போதாததற்கு ஓடுகிற இயந்திரங்கள் ஆளில்லாத விமானத்தில். வழிகாட்டிகள் இருவரும் குதித்தார்கள். ஹ்யூசனும் குதித்தார்; மோதலின்போது மேல் விமானத்தின் சுழலி விசிறி அவர் விமானத்தின் உடலைக் கிழித்ததில் முதுகில் காயம். எஞ்சியவர் ஃபுல்லர் ஒருவர்தான். தன் விமானத்தின் இறக்கை ஓரத் தகடுகளை அசைத்துப் பார்த்தார். இரண்டு விமானமும் சேர்ந்து திரும்பின. அதாவது இழுவை கீழே இருந்தது, கட்டுப்பாடு மேலே இருந்தது. அப்படியே 8 கிலோமீட்டர்.

ஊருக்குத் தென்மேற்கே 6 கிலோமீட்டரில் ஒரு பெரிய மேய்ச்சல் நிலத்தில் இறக்கினார். ஆன்சனின் சக்கரங்களை மேலேற்றவோ இறக்கவோ கைப்பிடியை 140 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். பயிற்சி விமானிகள் வாய்க்கு வந்தபடி திட்டிய ஏற்பாடு அது. கீழ் விமானத்தில் சுற்ற ஆளே இல்லை. வயிறு தேய, புல்லில் சுமார் 180 மீட்டர் வழுக்கி நின்றது.

இப்போது பணம். மிச்சப்பட்ட தளவாடத்தின் மதிப்பு சுமார் 40,000 பவுண்டு என்று அப்போது சொன்னார்கள். இன்றுவரை எல்லோரும் அதையே எடுத்தாள்கிறார்கள். எனக்கு இந்தத் தொகை உறுத்துகிறது. மேல் விமானமான என் 4876 பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறந்தது. எல் 9162 பறக்கவில்லை. தரையில் வைத்துப் பாடம் நடத்தப் பயன்பட்டது. பறக்காத விமானத்துக்கு முழு விலையை வரவு வைத்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்பமாட்டார். சரிபாதியாகப் பிரித்தால் விமானத்துக்கு 20,000. எல் 9162இன் 20,000இல் பெரும் பகுதியைத் தள்ளுபடிதான் எழுத வேண்டும். பத்திரிகைத் தொகைக்கும் கிடங்குத் தொகைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்த விபத்தை ஆராய்ந்தாலும் எதிர்பார்க்கலாம்.

பற்றுப் பக்கத்தில் ஃபுல்லரின் இனமும் உண்டு. அவரை சார்ஜெண்டாக உயர்த்தினார்கள். ஆனால் அனுமதியில்லாமல் பத்திரிகைக்காரர்களிடம் பேசியதற்காக 14 நாள் முகாமை விட்டு வெளியேறத் தடை, 7 நாள் சம்பளப் பிடித்தம். நாற்பதாயிரத்தை வரவில் எழுதிய அதே நிர்வாகம் ஒரு வாரக் கூலியையும் விடாமல் வசூலித்தது.

இந்த விபத்து ஏன் உலகச் செய்தி ஆனது என்பதற்குப் பெரிய ஏட்டைப் புரட்ட வேண்டும். 1939 டிசம்பரில் ஒட்டாவாவில் கையெழுத்தான, காமன்வெல்த் நாடுகளின் கூட்டு விமானப் பயிற்சி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 50,000 விமானப் பணியாளர்களைத் தயாரிப்பது இலக்கு. மூன்றாண்டில் 28,000 பேரைத் தருவது ஆஸ்திரேலியாவின் பங்கு. 1945க்குள் பயிற்சி முடித்த ஆஸ்திரேலியர்கள் 37,500க்கு மேல். அதில் 27,300க்கு மேற்பட்டோர் உள்நாட்டிலேயே தேறினார்கள். கனடாவில் தேறியவர்கள் 1,31,553. செலவு 220 கோடி டாலர். வகுத்தால் தலைக்கு 16,700 டாலர். விபத்துப் பக்கத்தைப் பார்த்தால், அமெரிக்க மண்ணில் மட்டும் 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரை அந்நாட்டு ராணுவ விமானப் பிரிவின் விபத்துகள் 52,651. உயிர் பறித்தவை 6,039; இறந்தவர்கள் 14,903. நாளொன்றுக்கு 11 பேர், போர்முனைக்கு வெகுதூரத்து ஊர்களில். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அப்படியொரு விபத்து நான்கு வரிச் செய்தி. யாரும் சாகாமல், இரண்டு விமானமும் ஒட்டிக்கொண்டு படத்துக்கு நின்றதால்தான் பிராக்கில்ஸ்பிக்கு அவ்வளவு இடம் கிடைத்தது.

ஆராய்கிறவருக்குச் செலவு அதிகமில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம். திங்கள்கிழமை, அதாவது 30ஆம் தேதி இதழ்களிலிருந்து தேடுவது நல்லது. விமானங்களின் நிலை அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம், எண்ணைப் போடுங்கள். ஊர்க்காரர்கள் 1990 செப்டம்பர் 29 அன்று, ஐம்பதாவது ஆண்டில், நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

ஃபுல்லரின் கணக்கை மட்டும் வேறு கோப்பில் முடிக்க வேண்டியிருக்கும். மத்திய கிழக்கில் போரிட்டு, சிறப்புப் பறப்புப் பதக்கம் பெற்று, நாடு திரும்பி, விக்டோரியா மாநிலத்தின் சேல் நகரருகே பயிற்சிப் பிரிவில் பணிபுரிந்தார். 1944 மார்ச் 18 அன்று சைக்கிளில் போனபோது பேருந்து மோதி இறந்தார். விமான விபத்துப் பட்டியலில் தேடினால் அவர் முடிவு அகப்படாது. சாலை விபத்து என்று தேட வேண்டும்.