மின்நாற்காலியின் டயர்

இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்று, நாற்காலியின் சக்கரத்தைக் கையால் உருட்டும் வலிமையையும் இழந்து ஊர் திரும்பிய கனடா தேசத்துப் போர்வீரர்களை முன்னிட்டு, ஜார்ஜ் கிளைன் என்னும் எஞ்சினியர் மின்சார சக்கர நாற்காலியை உருவாக்கிய காலந்தொட்டு, அந்த யந்திரத்தின் மோட்டாரும் பேட்டரியும் எத்தனையோ அபிவிருத்திகளைக் கண்டுவிட்டன. ஆயினும் அமர்ந்திருப்பவரின் பிரயாணம் முழுவதும் கடைசியில் நம்பியிருப்பது தரையைத் தொடும் ரப்பரைத்தான். பெரிய ரக நாற்காலி ஒன்று, தன் இரண்டு பேட்டரிகளோடும் ஆளோடும் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. இடது மோட்டாரையும் வலது மோட்டாரையும் வெவ்வேறு வேகத்தில் சுழற்றியே அது திரும்புகிறது. அவ்விதம் நின்ற இடத்திலேயே திரும்பும்போதெல்லாம் அத்தனை பாரமும் ரப்பரைத் தரையில் அரைப்பதால், வெளியே அதிகம் போகாதவருடைய டயரும் தேய்ந்துதான் போகிறது.

டயர் மொட்டையாகிவிட்டால் பிரேக் எவ்வளவு உறுதியாகப் பிடித்தாலும், ஈரமான சாய்தளத்தில் பூட்டிய சக்கரத்தோடேயே நாற்காலி வழுக்கும். சிக்கனம் கருதி ஒரு பக்கத்து டயரை மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு. அது வீண் சிக்கனம். தேய்ந்த சக்கரம் சுற்றளவில் சிறியதாகையால், வண்டி ஓயாமல் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

டயரின் விலாவில் 3.00-8 என்பது போல் அச்சிட்டிருக்கும். அகலம் 3 அங்குலம், ரிம்மின் விட்டம் 8 அங்குலம் என்று பொருள். பெரும்பாலான டயர்கள் சாம்பல் நிறத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ரப்பருக்கு உரமூட்டும் கார்பன் கரி வீட்டுத் தரையில் கறுப்புக் கோடு இழுக்குமென்பதற்காகவே அதைத் தவிர்க்கிறார்கள்.

வேலையைத் தொடங்குமுன், அமர்ந்திருப்பவரைக் கட்டிலுக்கு மாற்றி, சுவிட்சை அணைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு சட்டத்தின் கீழ் கனமான மரக்கட்டைகளை அண்டைகொடுத்து நிறுத்த வேண்டும். சில நாற்காலிகளில் சக்கரத்துக்கும் மோட்டார் தண்டுக்கும் நடுவே, மெக்கானிக்குகள் 'கீ' என்று சொல்லும் சிறு எஃகுத் துண்டு இருக்கும். அது உருண்டோடித் தொலைந்தால் மோட்டார் சுற்றும், சக்கரம் சுற்றாது.

இனி வருவதுதான் அபாயமான கட்டம். இந்த ரிம் பெரும்பாலும் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. உள்ளே காற்று இருக்கையில் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், பாதிகள் வெடித்துத் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். ஆகையால் முதலில் வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுவது அவசியம். பழைய பஜாஜ் ஸ்கூட்டர்களின் ரிம்மும் இதே ஜாதியாதலால், அவற்றைப் பார்த்த பஞ்சர் கடைக்காரருக்கு இது புதிய வித்தை அன்று. புது ட்யூபில் பவுடர் பூசி, உருவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து டயருக்குள் இட்டு, இரு பாதிகளுக்கிடையில் ட்யூப் எங்கேயும் சிக்கவில்லையென்று விரலால் தடவிப் பார்த்த பின்பே, எதிரெதிர்ப் போல்ட்டுகளாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். இந்தச் சிறிய டயர் கம்ப்ரஸரில் நொடியில் நிரம்பிவிடும். விலாவில் குறித்த அழுத்தத்தை மீறாதிருக்கக் கால்பம்பே உத்தமம்.

பஞ்சரே ஆகாத திட ரப்பர், அல்லது உள்ளே நுரை நிரப்பிய டயர் நல்லதல்லவா என்று கேட்கலாம். துணையின்றித் தெருவில் போகிறவருக்கு நிச்சயம் நல்லதுதான். ஆனால் மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை அது அப்படியே உடம்புக்குக் கடத்துவதால், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுத் தசைகள் திடீரென விறைத்துக்கொள்ளும் தொந்தரவுள்ளவர்களுக்குக் காற்று டயரே சௌகரியமென்பது என் அபிப்பிராயம்.

மாற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். சக்கரம் கழன்று கிடக்கும் நேரமெல்லாம் அந்த மனிதர் கட்டிலைவிட்டு நகர முடியாதாகையால், இரண்டு டயரும் இரண்டு ட்யூபும் கைக்கு வந்து சேரும்வரை ஸ்பேனரை எடுக்கவே எடுக்காதீர்கள்.