சாரல் காலத்தில் வீட்டுக் கற்றாழை அழுகுவது ஏன்?

ஜூன் மாதம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் துவைத்த துணி லேசில் காயாது. ஜன்னலோரத் தொட்டியில் இருக்கும் மண்ணும் அப்படித்தான். கோடையில் ஊற்றிய கணக்கிலேயே இப்போதும் தண்ணீர் ஊற்றினால் சோற்றுக் கற்றாழையின் வேர் அழுகிவிடும்.

கற்றாழை தன் சதைப்பற்றான மடலில் நீரைச் சேர்த்து வைக்கும் செடி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் நீர் அதிகம் வீணாகாது. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டும் கற்றாழை, மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குகிறதே, அதுவும் இப்படித்தான்.

தாகத்தில் இருக்கும் செடியும் அழுகும் செடியும் பார்வைக்குத் துவண்டுதான் தெரியும். "வாடுதே, கொஞ்சம் தண்ணி ஊத்துவோம்" என்று கை போய்விடும். முதலில் தொட்டுப் பாருங்கள். மடல் மெலிந்து சுருங்கியிருந்தால் தாகம். அடிப்பகுதி பழுத்து கொழகொழவென்று இருந்தால் அழுகல். அழுகிய செடியைப் பிடுங்கி, கெட்ட வேரையும் மடலையும் வெட்டிவிட்டு, சில நாள் நிழலில் காயப்போட்டுப் புது மண்ணில் நடலாம். பக்கக் கன்று நன்றாக இருந்தால் அதைப் பிரித்து நடுவதே சுலபம்.

அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டி, பெருமணல் கலந்த மண், வீட்டிலேயே வெளிச்சமான ஜன்னல் போதும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். சாரல் ஓய்ந்த பிறகும் இந்தச் சோதனையை விடவேண்டாம், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.