மகள் சுழியோடக் கேட்டால்...

ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு நிலாவெளிக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்பிள்ளைகள் தண்ணீரில் துள்ளுகிறார்கள். அவர்களது வாப்பா புறாத்தீவுக்குப் போகப் படகுக்காரரிடம் கூலி பேசுகிறார். நீங்கள் வழக்கம்போல் சோற்றுப் பார்சல்களையும் செருப்புகளையும் காவல் காத்தபடி பாயில் இருக்கிறீர்கள். அந்நேரம் பதினாறு வயது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உம்மா, நானா சுழியோடப் பழகப் போறாராம். நானும் பழகட்டா?" என்று கேட்கிறாள்.

என்ன பதில் சொல்வீர்கள்? "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இதெல்லாம்?" என்றுதான் நம்மில் பலருக்கு வாயில் வரும். மகனுக்கோ யோசிக்காமலே அனுமதி கொடுத்திருப்போம். இந்த இரண்டு பதில்களுமே அவசரப் பதில்கள். மகளை மறுக்கவும் மகனை அனுப்பவும் முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றேதான். அவற்றை அறிந்து வைத்திருப்போமா?

கடலடி நம் சமூகத்துக்குப் புதிதல்ல. மன்னார்க் கடலின் முத்துச் சலாபங்களில் கீழக்கரை முஸ்லிம்களும் அரபிகளும் மூழ்கி முத்துச் சிப்பி எடுத்திருக்கிறார்கள். உண்பதற்கு மீனையும் அணிவதற்கு ஆபரணத்தையும் கடலிலிருந்து தந்ததை அல்லாஹ் சூறத்துந் நஹ்லில் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். அந்த முத்துக்குளிப்போர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வேலையை முடித்துவிட்டு மேலே வந்துவிடுவார்கள்.

1943ஆம் ஆண்டு பிரான்ஸில் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர் முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து தேவைக்கேற்பக் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினார்கள். இன்று உல்லாசப் பயணிகள் பழகுவது இந்த முறையைத்தான். சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றைத்தான் அமுக்கி அடைத்திருக்கிறார்கள்.

முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்க வேண்டும். சிலிண்டரோடு இறங்குபவரோ எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. இதுதான் முதல் பாடம். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே ஒரு பலூனில் காற்றடைத்துக் கட்டி மேலே விட்டால், மேலே வரும்போது அது இரு மடங்காகப் பெருத்துவிடும். நம் நுரையீரலும் அப்படித்தான். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால், ஒன்றரை மீற்றர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழிந்துவிடலாம். ஆகவே, சுவாசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் நிதானம். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைகிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் நுரைத்துப் பொங்குகிறதல்லவா? அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளும் அவ்வாறு குமிழிகள் உண்டாகும். அதனால்தான் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் மெதுவாக ஏறி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து வரச் சொல்கிறார்கள்.

கரைக்கு வந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதென்று நினைக்காதீர்கள். கட்டாரிலிருந்து லீவில் வந்த மகன், கடைசி நாள் காலையில் ஒருமுறை சுழியோடிவிட்டு அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறக் கூடாது. பல தடவை இறங்கியவர் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. நிலாவெளியிலிருந்து நேரே நுவரெலியாவுக்கு வான் ஏறுவதும் இதே கணக்குத்தான். அவ்வூர் 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. சுழியோடிய பின் மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, வழமையில்லாத களைப்பு கண்டால் உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். "இவர் சுழியோடினவர்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

பயிற்சி எப்படி நடக்கும்? சான்றிதழ்ப் பயிற்சிக்கு மூன்று நான்கு நாட்கள் எடுக்கும். முதலில் பாடம், பிறகு ஆழமற்ற நீரில் பழக்கம், கடைசியாகக் கடலில் நான்கு தடவை இறங்குதல். 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதிலிருந்தே சேர்க்கிறார்கள். பழகி முடித்த பெரியவருக்கும் எல்லை 18 மீற்றர்தான். "ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போறேன்" என்று மகன் புறப்பட்டால் தடுங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அக்கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அது புதியவருக்கான இடமல்ல.

இனி, உம்மாமாரின் பொறுப்புக்கு வருவோம். இறங்குமுன் நோய் விபரம் கேட்டு ஒரு படிவம் தருவார்கள். பிள்ளைகள் ஆசை மிகுதியில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் தொய்வு வந்து இரவிரவாக நெஞ்சுக்குத் தைலம் தடவியது யார்? காய்ச்சலில் வலிப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? நீங்கள்தானே! ஆகவே, அந்தப் படிவம் நிரப்பப்படும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். தொய்வு, வலிப்பு, இதய நோய், காதுச் சத்திரசிகிச்சை இருந்தால் மறைக்காமல் எழுதி, வைத்தியரின் அனுமதி பெறுங்கள். தடிமன் பிடித்திருந்தால் காதுக்குள் அமுக்கம் சமப்படாது. அன்று இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள் சுழியோடவே கூடாது. புது மருமகளுக்குச் சந்தேகம் இருந்தால், வெட்கத்தில் மறைக்காமல் அவள் சொல்வதற்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

மகளின் உடை பற்றிய கவலை நியாயமானது. சுழியோடிகளின் ரப்பர் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும்; தலைக்கும் தனி உறை உண்டு. ஆனால் அது உடம்போடு ஒட்டியது. அதன்மேல் நீச்சலுக்கான தளர்ந்த மேலாடை அணியலாம். அது கருவிகளில் சிக்காதவாறு இருக்க வேண்டும். பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, எத்தனை பேரை ஒன்றாக இறக்குகிறார்கள், வாப்பாவோ நானாவோ அதே படகில் போகலாமா என்றெல்லாம் முற்கூட்டியே கேளுங்கள். மனதுக்குத் திருப்தியில்லையென்றால் மறுத்துவிடுங்கள். ஆனால் காரணத்தைச் சொல்லி மறுங்கள்.

கீழே என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2003இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாத்தீவைச் சுற்றி முருகைக்கற்கள், அவற்றுக்கிடையே வர்ண மீன்கள், ஆமைகள், மனிதனைக் கண்டால் விலகிப்போகும் சிறு சுறாக்கள். பார்ப்பவர் நாவில் தானாகவே சுப்ஹானல்லாஹ் வரும். முருகைக்கல்லை மிதிக்கவோ உடைக்கவோ வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாதென்பது மார்க்கத்தின் கட்டளை. அது மகனுக்கும் உரியது. படைத்தவனின் அற்புதங்களைக் கண்டு சிந்திக்க வேண்டும் என்பதும் மார்க்கத்தின் அழைப்பு. அது மகளுக்கும் உரியது. ஆகவே, அடுத்த விடுமுறைக்குள் முதலில் இருவருக்கும் நீந்தக் கற்றுக்கொடுங்கள். பிறகு மகள் கேட்கும்போது, செருப்புகளைப் பாயோடு விட்டுவிட்டு எழுந்து, "வா மகள், முதல்ல போய் விசாரிப்பம்" என்று சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கரையிலும் கடலிலும் பாதுகாப்பானாக!