ஊதச் சொல்வது எங்கே?

புதுச்சேரியை விட்டு வெளியேறும் வண்டியை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். பாட்டில் பையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓட்டுபவர் வயிற்றில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். நோணாங்குப்பம் தாண்டி, முள்ளோடை கடந்து, கடலூர் ஆல்பேட்டை சோதனைச் சாவடியை அடையும் பயணிக்கு முதல் சோதனைதான் பழக்கம். வரி குறைந்த சரக்கு எல்லை கடந்தால் நஷ்டம் தமிழ்நாடு அரசுக்கு. குடித்தவர் கடந்தால் நஷ்டம் எதிரே வருபவருக்கு.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் கே.பாலு தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன வழக்கு அது. சிற்றூர்களுக்கு அது 220 மீட்டரானது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் வந்தது. கடை அரைக் கிலோமீட்டர் உள்ளே போனால் குடிப்பவர் நடந்தா போவார்? 2019 சட்டத் திருத்தம், முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 10,000 ஆக்கியது. பிடிபட்டால்தானே!

குடித்து ஓட்டுபவரைப் பிடிக்க எங்கே நிற்பது என்பதற்கு உருப்படியான விடை ராஜஸ்தானில் கிடைத்தது. பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அம்மாநிலப் போலீசாருடன் சேர்ந்து, சில காவல் நிலைய எல்லைகளில் விபத்து மிகுந்த ஒரே இடத்தில் சோதனை வைத்தார்கள். வேறு சிலவற்றில் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்தார்கள். இடம் மாறிய பகுதிகளில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்ற சோதனையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. போலீஸ் நிற்கும் இடம் தெரிந்ததும் ஓட்டுநர்கள் வேறு வழியில் போய்விட்டார்கள். இன்னொன்று: உள்ளூர் நிலையத்தாரைவிட, ஆயுதப்படைக் குடியிருப்பிலிருந்து இதற்கென்றே அனுப்பப்பட்ட குழுவினர் ஒழுங்காக வேலை செய்தார்கள். அவர்களைக் கண்காணிக்க வண்டியில் ஜிபிஎஸ் இருந்தது.

நோணாங்குப்பத்துக்கு இது அப்படியே பொருந்தும். சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்கும் பாரடைஸ் கடற்கரைக்கும் வார இறுதியில் வருபவர் வெளியூர்க்காரர். எந்த வளைவில் போலீஸ் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. தினமும் குடித்துவிட்டு வீடு திரும்பும் உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அங்குள்ள பாலத்தருகே போலீஸ் நிலையாக நின்றால் முன்னவர் ஊதுவார். பின்னவர் சந்து வழியே போய்விடுவார். வழக்கு எண்ணிக்கை மட்டும் ஏறும்.

அந்த எண்ணிக்கையைத்தான் வெற்றி என்கிறோம். குடியால் நேரும் சாவுகளையோ சரியாக எண்ணுவதில்லை. 2022-ல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அந்த மரணங்களில் குடிபோதைக் கணக்கில் வந்தவை சுமார் 2.5 சதவீதம், அதிவேகக் கணக்கில் 71 சதவீதம். அதிவேகத்தில் போனவர் குடித்திருந்தாரா என்று யாரும் ஊதவைத்துப் பார்க்காவிட்டால் அந்தச் சாவு வேகத்தின் பெயரில்தான் எழுதப்படும். விபத்துக்குப் பிறகும் மூச்சுச் சோதனை கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. கடலூர் சாலையில் அடிபட்டு வரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும், சிகிச்சைக்கு இடையூறில்லாமல், ஓராண்டு அதைச் செய்து பார்க்கட்டும். அபராத வசூல் பட்டியலை அதன் பிறகு பேசலாம்.