உறுதியில் எழுதிய விலையும் வீட்டின் பெறுமதியும்

ஒரு வீட்டின் இன்றைய பெறுமதி யாது என்னும் வினா விலைமதிப்பாளருக்கும் தரகருக்கும் மட்டுமே உரிய தொழில்நுட்ப வினாவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின் பழைய உறுதிகளையும் காணிப் பதிவேடுகளையும் ஆதாரமாகக் கொண்டே அதற்கு விடை தேடப்படுவதால், அது ஆவணங்களை எவ்வாறு வாசிப்பது என்னும் வினாவாகவும் அமைகின்றது. பதிவேட்டிலுள்ள எண் எத்தகைய சமூக உறவுகளிலிருந்து பிறந்தது என்பதை அறியாது செய்யப்படும் கணிப்பு பிழைபடுவது தவிர்க்க முடியாதது. யாழ்ப்பாணத்துக் காணி ஆவணங்களைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கணிப்பு முறையை நோக்குவோம். இரு வீடுகள் எல்லா வகையிலும் ஒத்திருப்பதில்லை. எனவே ஒரே வீடு இரு வேறு காலங்களில் விற்கப்பட்ட விலைகளை ஒப்பிட்டு, அப்பகுதியின் விலைமாற்றத்தை அறிவது ஒரு வழியாகும். இம்மீள்விற்பனை முறைக்கு 1963 இல் பெய்லி, மூத், நோர்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் மூவர் புள்ளியியல் வடிவம் கொடுத்தனர். பின்னர் பீற் ஐக்ஹோல்ற்ஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர், ஆம்ஸ்டர்டாம் நகரின் ஹேரன்கிராக்ற் கால்வாய்க்கரை வீடுகளுக்கு 1628 முதல் 1973 வரையான விலைச் சுட்டெண்ணை இவ்வழியில் அமைத்தார். பொதுவான விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்க்குமிடத்து, அந்நெடுங்காலத்தில் அவ்வீடுகளின் விலை ஏறத்தாழ இரு மடங்கே ஆயிற்று என்பது அவர் கண்ட முடிவு.

எளிய எடுத்துக்காட்டொன்றைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒரு வீடு முன்னொரு காலத்தில் 4 இலட்சம் ரூபாவுக்கு வாங்கப்பட்டது. அதே ஆண்டில் 5 இலட்சத்துக்கு விற்கப்பட்ட அயல் வீடு அண்மையில் 20 இலட்சத்துக்கும், 6 இலட்சத்துக்கு விற்கப்பட்ட இன்னொன்று 21 இலட்சத்துக்கும் விலைபோயின. முன்னையது 4 மடங்கு, பின்னையது 3.5 மடங்கு. சராசரி 3.75 எனக் கொண்டால் நமது வீட்டின் பெறுமதி 15 இலட்சமாகும். இடைக்காலத்தில் மேல்மாடி கட்டப்பட்ட வீட்டை இவ்வொப்பீட்டிற் சேர்த்தல் ஆகாது. இனி, முத்திரை வரியைக் குறைக்கும் பொருட்டு உண்மை விலையாகிய 5 இலட்சம் உறுதியில் 4 இலட்சமாக எழுதப்பட்டிருந்தால் யாதாகும்? மறைக்கப்பட்ட 1 இலட்சம் இன்றைய கணிப்பில் 3.75 இலட்சக் குறைபாடாகப் பெருகிவிடும்.

இங்கு நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்து நோக்குதல் அவசியம். கட்டடம் மனித உழைப்பின் விளைவு. காலப்போக்கில் அது தேய்கின்றது. நிலமோ உழைப்பால் ஆக்கப்பட்டதன்று. அதன் விலை என்பது அதிலிருந்து பெறக்கூடிய வாரத்தை முதலாக்கிக் கணித்த தொகையே என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் விளக்கினார். பழைய வீடொன்றின் விலை ஆண்டுதோறும் ஏறுகின்றதெனின், பெரும்பாலும் ஏறுவது வீட்டின் விலையன்று, நிலத்தின் விலையே.

ஆம்ஸ்டர்டாமில் வணிகர் வீடுகள் கைமாறிய அதே காலத்தில், 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரைப் பின்பற்றி இங்கும் தோம்பு எழுதினர். ஆயின் அதன் நோக்கம் வரியும் ஊழியமும் பெறுதலேயாகும். ஆங்கிலேயர் ஆட்சியில், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதியை இன்றியமையாததாக்கியது. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழான பதிவும் ஆவணத்தின் பதிவேயன்றி உரித்தின் பதிவன்று. உரித்தையே பதிவு செய்யும் சட்டமொன்று 1998 இல் இயற்றப்பட்டது.

இவ்வாவணங்களில் விலை எங்கே இருக்கின்றது? யாழ்ப்பாணத்தில் வீடுகள் பெருமளவு சீதன உறுதியாலும் நன்கொடை உறுதியாலும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. அவ்வுறுதிகளில் எழுதப்படும் பெறுமதி பெரும்பாலும் வரிக்காகக் குறிக்கப்பட்ட தொகையே. சந்தையிற் பேரம்பேசி நிர்ணயிக்கப்பட்டதன்று. அறுதி உறுதிகள் இருப்பினும், தேசவழமை பங்காளருக்கும் உரித்தாளருக்கும் வழங்கும் முன்வாங்கும் உரிமை கொள்வோர் வட்டத்தைச் சுருக்கியது. சாதி அதனை மேலும் சுருக்கியது. ஒடுக்கப்பட்ட மக்கள் பணம் வைத்திருந்தும் வாங்க முடியாதிருந்த நிலத்தின் விலையைத் திறந்த சந்தையின் விலை எனல் எங்ஙனம் பொருந்தும்? மறுபுறம், ஒற்றி உறுதிகள் பயனுள்ள சான்றாகலாம். வட்டிக்கு ஈடாக அனுபவ உரிமை வழங்கப்படுவதால், ஒற்றித் தொகையையும் அக்கால வட்டி வீதத்தையும் கொண்டு அந்நிலத்தின் ஆண்டு வருவாயை உய்த்தறியலாம்.

இவ்வினா வெறும் ஏட்டுக்கல்வி சார்ந்ததன்று. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், விருப்பமுள்ள விற்பனையாளர் திறந்த சந்தையிற் பெறக்கூடிய தொகையை நட்டஈட்டின் அடிப்படையாகக் கொள்கின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். 2013 ஏப்பிரலில் அப்பகுதியில் 6,300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. அந்நிலங்களிற் பல பின்னர் விடுவிக்கப்பட்டுள்ளன. ஆயினும் உரிமையாளர் கால்வைக்க முடியாத இடத்தில் விற்பனை எங்ஙனம் நிகழும்? விற்பனை இன்மையால் விலையும் இல்லை எனக் கருதுவது, இழப்பை உண்டாக்கிய நிலைமையையே இழப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்குச் சான்றாக்குவதாகும்.

பிறிதொரு துறையிற் சட்டம் இதனை ஏற்றுக்கொண்டுள்ளமை குறிப்பிடற்பாலது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், யுத்தத்தாற் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்கு எதிராக, நீண்டகால ஆட்சியால் உரிமை கோருவோர் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்க முடியாதெனக் கூறுகின்றது. இல்லாமையைக் கைவிடலாகக் கொள்ளலாகாது என்பதே அதன் உட்பொருள். மதிப்பீட்டிலும் இவ்வடிப்படையே பேணப்படல் வேண்டும். இடம்பெயர்வுக்கு முந்திய உறுதிகள், ஒற்றித் தொகைகள், ஆதன வரிப் பதிவேடுகளிலுள்ள வருடாந்தப் பெறுமதி, இடம்பெயராத ஒத்த கிராமங்களின் மீள்விற்பனைகள், அழிந்த வீட்டை மீளக் கட்டுஞ் செலவு ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் நியாயமான ஓர் எல்லைக்குள் விடை காணலாம்.

மீள்விற்பனை முறை பயனற்றது என்பது நமது கருத்தன்று. நிலமும் வீடும் தடையின்றிப் பண்டமாகச் சுழலும் சமூகத்தில் உருவான முறை அது. அச்சுழற்சி மரபாலோ சாதியாலோ போராலோ தடைப்பட்ட இடத்தில், அத்தடையையும் கணக்கிற் சேர்த்தாலன்றி அம்முறை நீதியான விடையைத் தரமாட்டாது.