மீன் தொட்டி விற்பவர் தரையையும் பார்க்க வேண்டும்

வீட்டு வரவேற்பறையிலும் கடையின் முன்பக்கத்திலும் கண்ணாடி மீன் தொட்டி வைக்கும் பழக்கம் சிறிய ஊர்களுக்கும் பரவியுள்ளது. கண்ணாடி வெட்டி ஒட்டுவோர், இரும்புத் தாங்கி செய்யும் வெல்டிங் கடைக்காரர், மீன் விற்போர் எனப் பலருக்கும் இதனால் வருமானம் கிடைக்கிறது. ஆனால் தொட்டியை இறக்கிவைத்துப் பணத்தை வாங்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தொட்டியை எந்தத் தரை தாங்கப் போகிறது என்பதையும் பார்த்துக் கொடுப்பவரே இத்தொழிலில் நிலைப்பார்.

முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 9 கன அடி கொள்ளும். ஒரு கன அடியில் 28 லீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒரு லீட்டர் ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் மட்டும் சுமார் 250 கிலோ. 8 மில்லிமீற்றர் கண்ணாடி ஏறத்தாழ 40 கிலோ. கல், மணல், தாங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் 350 கிலோ வரும். அதாவது ஏழு மூடை சீமெந்து! அதுவும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் பாரம்.

இந்தப் பாரம் நான்கு கால்களில் இறங்கும்போது ஒரு காலுக்கு 88 கிலோ அளவில் வரும். கால் ஓர் அங்குலச் சதுர இரும்பாக இருந்தால் அந்த 88 கிலோவும் ஒரு சதுர அங்குலத்தை அழுத்தும். அதே காலின் கீழ் 4 அங்குலச் சதுரத் தகடொன்றை ஒட்டவைத்தால், சதுர அங்குலத்துக்கு ஐந்தரை கிலோ மட்டுமே. தகட்டுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வெடித்த மாபிளுக்குப் பதிலாக அதே நிறத்தில், அதே வடிவத்தில் இன்னொன்று சில வருடங்களின் பின்னர் கிடைப்பது அரிது. அப்போது முழு அறைக்கும் புதிதாகப் பதிக்க நேரும்.

மாபிள் தரையில் வைக்குமுன் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் சாந்து பிடிக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். பொலிஷ் செய்த சீமெந்துத் தரை பாரத்தைத் தாங்கும், ஆனால் இரும்புத் துரு அதில் கறையாகப் படியும். கறுப்பு இறப்பர் விரிப்பு வினைல் தரையில் அழியாத நிறத்தை விட்டுவிடும். பலகைத் தரையில் முழு விரிப்பைப் போட்டு மூடினால் அடியில் ஈரம் தங்கிப் பலகை ஊதும். காற்றுப் போக இடைவெளி விடுவதே நல்லது.

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த போன்ற மலைப்பாங்கான பிரதேசங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கத்தில் நிரப்பித் தளம் அமைக்கும் வீடுகளில் வெட்டிய பக்கம் இறுக்கமானது. நிரப்பிய பக்கம் காலப்போக்கில் அமிழக்கூடியது. எனவே தொட்டிக்கு மலைப்பக்கச் சுவரோரமே உகந்தது. தரை ஒருபக்கம் சிறிது இறங்கினாலும் கண்ணாடி முறுக்கப்பட்டு, சிலிக்கன் ஒட்டு விட்டுக்கொடுக்கும். கால்வாசித் தண்ணீர் நிரப்பியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சரிவு இருந்தால் தண்ணீரை இறக்கிவிட்டுத் தாங்கியின் காலடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையில் துண்டுப் பலகை செருகக் கூடாது. அங்கே ஒரே அளவான ரெஜிபோம் தட்டு போதும்.

மேல்மாடி என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டுக் கொங்கிரீட் தட்டுகள் வழக்கமாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவிலான பாவனைச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், பீம் அல்லது சுவர் தாங்கும் ஓரத்தில் வைக்க வேண்டும். 6 அடித் தொட்டி கேட்பவரிடம், பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டபின் வாருங்கள் என்று சொல்வது வியாபார இழப்பல்ல.

தரையைக் கெடுப்பது பாரம் மட்டுமல்ல, கசிவும்தான். 2022இல் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. காற்றுப் பம்பு நின்றதும், அது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், குழாய் வழியே தண்ணீர் திரும்பி வந்து தரையில் வடியும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். மின்வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே வளைந்து தொங்கட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். புதிய தொட்டியைக் கடையிலேயே நீர் நிரப்பி இரண்டு மூன்று நாட்கள் வைத்துப் பார்த்தபின் அனுப்புவது நன்று.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்கும் வர்த்தகர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம் எழுதாமலே அடங்கியிருக்கிறது. தொட்டியைப் பொருத்திக் கொடுப்பதும் சேவைதான். ஆகவே பற்றுச்சீட்டில் தொட்டியின் அளவு, நிரப்பிய எடை, வைத்த இடம், தரையின் நிலை ஆகியவற்றைக் குறித்து இரு தரப்பும் கையொப்பமிடுவது நல்லது. தகடு, வால்வு, தரையைப் பார்க்கப் போகும் செலவு ஆகியவற்றை விலையில் தனித்தனியாகக் காட்டுங்கள். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கமாட்டார். அவரது தரை பத்து வருடம் பழுதின்றி இருந்தால், அடுத்த வீட்டுக்காரரும் உங்கள் கடைக்கே வருவார்.