கண்ணாடிக்குள் ஒரு கடல்

அண்மையில் நம் பங்கின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே புதிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கண்டோம். கப்பலில் பணியாற்றும் குடும்பத் தலைவர் விடுமுறையில் வந்தபோது தம் மகனுக்கு வாங்கித் தந்தது அது. உள்ளே கடல்நீர், அதில் ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீன்கள் இரண்டு.

"மூன்று இருந்தன, சாமி. ஒன்று நேற்றுச் செத்துப் போயிற்று. நான் மூன்று வேளையும் தீனி போட்டேனே! பிறகு ஏன் செத்தது?" என்று சிறுவன் கண்கலங்கிக் கேட்டான். பின்னர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தன் மாமா கடலிலிருந்து உயிருள்ள முருகைக்கல் ஒன்று கொண்டுவரப் போவதாகவும், அது வந்ததும் நாம் தொட்டியை மந்திரித்துத் தர வேண்டுமென்றும் வேண்டினான்.

முதற் கேள்விக்கு அங்கேயே விடையிறுத்தோம். வேண்டுகோளுக்கோ, "பார்ப்போம், தம்பி" என்று மட்டும் சொல்லித் திரும்பினோம். உடனே இசையாததன் காரணத்தை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிதல் நலமென்று எண்ணி இதனை எழுதுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத ஊழியர்

மீனின் கழிவும், அது தின்னாது விட்ட தீனியும் நீரில் அழுகி அம்மோனியா எனும் நஞ்சாகின்றன. இந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். கல்லிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீனை விடாது காத்திருத்தல் வேண்டும். நம் சிறுவனோ நீர் நிரப்பிய மறுநாளே மீன்களை விட்டான். மூன்று வேளையும் தீனியிட்டான். தீனி மிக மிக, நஞ்சும் மிகுந்தது. அன்பு குறைந்ததால் அம்மீன் மடியவில்லை. பொறுமையும் அறிவும் துணை நில்லாத அன்பினால் மடிந்தது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

கல்லன்று, உயிர்

மீனைப் பேணுவதினும் பவளத்தைப் பேணுவது பன்மடங்கு அரிது. முருகைக்கல் என நாம் அழைப்பது வெறுங் கல்லன்று. சின்னஞ்சிறு உயிரிகள் ஆயிரமாயிரம் ஒன்றுகூடிக் கட்டிய வீடு அது. அவ்வுயிரிகளின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியில் உணவு சமைத்து, தமக்கு இடந்தந்த உயிரிக்குப் பெரும்பகுதியை ஈகின்றன. நீரின் வெப்பம் மிகுந்தால் இவ்வுறவு முறியும். பாசி வெளியேற, பவளம் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் மடியும்.

ஆகவே தொட்டியின் நீர் ஏறத்தாழ 24 முதல் 27 பாகை வெப்பத்தில் நிற்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் குளிரூட்டும் கருவியின்றி இது இயலாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், குறைந்த அளவுக்குத் தூய நன்னீரையே நாள்தோறும் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தக்க ஒளியும், ஓயாத நீரோட்டமும் தேவை. பலமணி நேரம் மின்சாரம் நின்றால், பல மாத உழைப்பு ஒரே இரவில் அழியக்கூடும்.

இலண்டனில் ஒரு முன்னோடி

மின்சாரம் இல்லாத காலத்திலேயே இதனைச் செய்து காட்டினார் ஒரு பெண்மணி. ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மனைவியான அன்னா தைன் என்பார், 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிரிகளை ஒரு சாடியிலிட்டு இலண்டனுக்குக் கொண்டு வந்தார். நீரில் காற்றுக் கலக்கும் பொருட்டு, அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சாளரத்தின் முன் நின்று அந்நீரை ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்து வளர்த்து, அவ்வுயிரிகளை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்தார் அப்பெருமாட்டி. அந்தப் பணிப்பெண்ணின் கைகளையும் நாம் போற்றுதல் தகும்.

ஆனால் இக்கதையின் பிற்பகுதி துயரமானது. ஆழ்ந்த இறைப்பற்றாளரும் இயற்கை அறிஞருமான பிலிப் காஸ், 1854இல் 'அக்குவேரியம்' எனும் நூலை வெளியிட்டார். இறைவனின் கைவண்ணத்தை மக்கள் வியந்து போற்ற வேண்டுமென்பதே அவர் நாட்டம். மக்கள் வியந்தனர், வியந்ததோடு நில்லாமல் கூடைகளுடன் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைக் குட்டைகளில் வாழ்ந்த உயிர்களை வாரிச் சென்றனர். அக்கரைகள் வெறுமையானதையும், தந்தையார் அதற்காக மனம் நொந்ததையும் அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய நூலில் பதிவு செய்துள்ளார். அழிக்க வந்தவர்கள் பகைவரல்லர், அழகை விரும்பியவர்கள்!

நம் கடலில்

இதே சோதனை நம் வாயிலிலும் நிற்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்கென ஆண்டாண்டாக முருகைக்கல்லை வெட்டியதால் கரைகள் அரிக்கப்பட்டு, அத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 1986இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தன. 2001 முதல் பவள உயிரிகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். திருத்தந்தை பிரான்சிசு 2015இல் விடுத்த 'லௌதாத்தோ சி' சுற்றுமடலும் பவளப்பாறைகளின் அழிவைக் குறித்துக் கவலையோடு பேசுகிறது.

அவ்வாறாயின் தொட்டியே வேண்டாமோ? அப்படிச் சொல்லோம். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. அவ்வாறு வளர்க்கப்பட்ட மீன்களைக் கேட்டு வாங்கலாம். கோமாளி மீன் வாழப் பவளம் இன்றியமையாததன்று. ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டும் போதும்.

மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் காக்கவுமே பணித்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. காத்தல் என்பது கையில் வைத்திருத்தல் மட்டுமன்று. சிலவற்றை அவை இருக்கும் இடத்திலேயே விட்டுவைத்தலும் காத்தலே.

இவற்றையெல்லாம் சிறுவனின் மாமாவிடமும் எடுத்துரைத்தோம். சற்று நேரம் பேசாதிருந்த அவர், "கல் இருந்தால்தானே, சாமி, மீன் குஞ்சு அண்டும், மீன் அண்டினால்தானே எங்களுக்குப் பாடு" என்றார். நாம் எழுதியதன் சாரம் அவர் சொல்லில் அடங்கிவிட்டது. முருகைக்கல் வரவில்லை. மறு வாரம் சென்று, இரு மீன்களோடும் ஓர் உடைந்த மண்சட்டியோடும் இருந்த அத்தொட்டியை மகிழ்வுடன் மந்திரித்து வந்தோம்.